டாக்டர் முத்துலக்ஷ்மி அம்மையாரின் சட்டசபைத் தொண்டு

சட்டசபை என்றவுடன் தேர்தற் கூச்சலும் கட்சிப் பூசலுமே நம்மில் மிகப் பலருக்கு நினைவிற்கு வருகின்றன. ஆயின், அச்சபை ஏற்பட்டதன் நோக்கம் வேறு. ஓர் ஊரிற் பள்ளிக்கூடம் இல்லையேல், பள்ளிக்கூடம் இருந்தும் ஆசிரியர் இல்லையேல், வைத்தியசாலை இருந்தும் பிள்ளை பெறும் பெண்ணைக் கவனிக்க ஓர் ஆள் இல்லையேல், அக்குறையை அரசாங்கத்தின் செவியிற் படுமாறு எடுத்துரைத்தற்கென அமர்த்தப்பெற்றோரே அங்கத்தினர் ஆவர். கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் இன்று அங்கத்தினர்பால் மனுவை ஏந்திச் செல்லும் மக்கள் கேட்பனவும் பெரும்பாலும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாதை, குடிநீர் என்னும் இவையே. இவ்விதம் கேட்கும் வழக்கத்தைப் பழைய சென்னை மாகாணத்தில் வேரூன்றச் செய்தவர் பலர். அவருள், ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகளே சபையில் அமர்ந்திருந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் கொங்கு நாட்டிற் பிறந்தவரல்லர். ஆயினும், அவர் சபையில் எழுந்து கேட்டவற்றிற்கு விடை கூறும் பொறுப்பு, திருச்செங்கோட்டிற்கு அணித்தான குமாரமங்கலத்து ஜமீன்தாராகிய டாக்டர் ப. சுப்பராயன் அவர்களின் மந்திரி சபையைச் சார்ந்திருந்தமையின், நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு.

முத்துலக்ஷ்மி 1886-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் தேதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அந்நகரின் மகாராஜா கல்லூரித் தலைவர். தாயார் சந்திரம்மாள், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமுடைய மரபில் வந்தவர். இம்மணத்தின் பொருட்டு ஐயரை அவருடைய சுற்றத்தார் விலக்கி வைத்தனர். ஆகவே, குழந்தைப் பருவம் முதற்கொண்டே முத்துலக்ஷ்மி இரு பக்கத்து உலகையும் கண்டவர். ஒரு பக்கத்துச் சுற்றம் அவரைத் தன்னவர் என்று ஏற்கவில்லை. மற்றொரு பக்கத்துச் சுற்றத்தின் பெண்கள் எத்தகைய வாழ்விற்கு அனுப்பப்படுகின்றனர் என்பதை அவர் அருகிருந்தே அறிந்தார். பிற்காலத்தில் அவர் சபையில் வாதாடியது ஏட்டிற் படித்த செய்தியைப் பற்றி அன்று என்பதனை நாம் மறத்தலாகாது.

அக்காலத்தில் பெண்மக்கள் பூப்பெய்தியபின் பள்ளிக்குச் செல்லுதல் வழக்கமில்லை. தாயார் மகளுக்கு மணம் முடித்துவிடவே விரும்பினார். தந்தையார் வீட்டிலேயே பாடஞ்சொல்லி வைக்க, முத்துலக்ஷ்மி 1902-இல் தனியாகப் பரீட்சை எழுதி மெட்ரிகுலேஷனில் தேறினார். பின்னர்க் கல்லூரியிற் சேர விண்ணப்பம் செய்தபொழுது ஊரிற் கலகம் எழுந்தது. ஆடவர் கல்லூரியில் ஒரு பெண் அமர்வதா என்றும், அவள் பிறந்த மரபு எத்தகையது என்றும் பலர் கூவினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இவற்றைப் பொருட்படுத்தாது 1904-இல் அனுமதி அளித்தார். வகுப்பில் ஆசிரியர் கண்ணுக்கு மட்டுமே தெரியும்படி மறைவில் அமர்ந்து அவர் பாடங் கேட்டார் என்பர். இன்று நம் கல்லூரியில் மாணவியர் முன்வரிசையில் அமர்ந்து நம்மினும் அதிக மதிப்பெண் பெறுவதைக் காண்கையில், அந்தத் திரை எவ்வளவு அண்மைக் காலத்தது என்று வியப்புத் தோன்றுகிறது.

1907-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-இல் பதக்கங்களும் பரிசுகளும் பெற்றுப் பட்டம் அடைந்தார். இந்தியாவின் முதற் பெண் மருத்துவர் அவரே என்று சிலர் எழுதிவிடுகின்றனர், அது பிழை. 1875-ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாதும் வேறு மூவரும் அக்கல்லூரியிற் சேர்க்கப்பட்டனர். கதாசிரியையாகப் பின்னர்ப் பெயர்பெற்ற கிறிஸ்தவப் பெண்மணி கிருபாபாய் சத்தியநாதனும் 1878-இல் அங்குச் சேர்ந்து, உடல் நலிவால் இடையில் நிறுத்திக்கொண்டவரே. முத்துலக்ஷ்மி அம்மையாரின் பெருமை முதலிடத்தைப் பற்றியதன்று. ஆதலின், இல்லாத முதன்மையை அவருக்குச் சூட்டவேண்டுவதில்லை.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். மணத்திற்கு இசையுமுன், தம்மைச் சமமாக மதிக்கவேண்டும் என்றும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்றும் அம்மையார் நிபந்தனை விதித்தார். ரெட்டியார் அவ்வாக்கை இறுதிவரை காத்தார். மருத்துவத் தொழிலும் நன்கு நடந்தது. புதல்வர் இருவரும் பிறந்தனர். ஆனால், அவருடைய இளைய சகோதரி சுந்தரம்மாள் புற்றுநோயால் வருந்தி இறந்ததைத் தாமே மருத்துவராயிருந்தும் தடுக்க இயலாது கண்டிருக்கவேண்டி வந்தது. அத்துயரம் பல்லாண்டுகள் கழித்தே பயன் தந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன். 1925-இல் பெண்டிர், குழந்தைகள் நோய் குறித்து மேற்பயிற்சி பெற அரசாங்க உதவியுடன் இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகப் பெண்கள் மகாநாட்டிலும் கலந்துகொண்டார்.

அவர் திரும்பி வந்த காலத்தில் நாட்டில் ஒரு புதுமை நிகழ்ந்திருந்தது. சென்னை மாகாணப் பெண்கள் 1921-ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை பெற்றிருந்தனர்; சபையில் அமரும் உரிமை 1926-இல் கிடைத்தது. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாயர் மிகச் சில வாக்குகளால் தோல்வியுற்றார். அதன்பின், அடையாற்றில் 1917-இல் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தார் முத்துலக்ஷ்மி அம்மையாரின் பெயரை முன்மொழிய, அரசாங்கம் அவரை நியமித்தது. மருத்துவத் தொழிலுக்கு இடையூறாகுமே என்று அவர் முதலில் தயங்கினார். 1927 ஜனவரியில் அங்கத்தினர் அனைவரும் ஒருமனதாக அவரைச் சபையின் உபதலைவராகத் தேர்ந்தனர். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டசபைகளில் அமர்ந்த முதற் பெண் அவரே. சுதேச சமஸ்தானமான திருவிதாங்கூரில் டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் என்னும் கிறிஸ்தவ மருத்துவர் அவருக்கு முன்னரே நியமனம் பெற்றிருந்தார். முதன்முதல் சட்டசபை புகுந்த பெண்கள் இருவரும் மருத்துவராக அமைந்தது தற்செயல் அன்று என்றே நினைக்கின்றேன். வீட்டின் உள்ளறை வரை செல்ல வழியுடையவர் அக்காலத்துப் பெண் மருத்துவரே. உள்ளறையின் துன்பத்தை வெளியே எடுத்துரைக்கவல்லாரும் அவரே.

நிற்க. அச்சபையின் அமைப்பைச் சிறிது அறிந்தாலன்றி அவர் பட்ட பாடு விளங்காது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி நடந்தது இரட்டை ஆட்சி. நிதி, நிலவரி, போலீஸ் முதலியன கவர்னர் கையிலும் அவருடைய நிர்வாக சபையார் கையிலும் இருந்தன. கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் முதலியன மந்திரிகளிடம் விடப்பட்டன. பள்ளியும் வைத்தியசாலையும் திறக்கவேண்டியவர் ஒருவர், பணப்பெட்டியின் திறவுகோலை வைத்திருப்பவர் மற்றொருவர். 1926-ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயராஜ்யக் கட்சியார் அதிக இடம் பெற்றும் பதவியை ஏற்க மறுத்தமையால், எக்கட்சியையும் சாராத சுப்பராயன் அவர்கள் டிசம்பர் 4-ஆம் தேதி முதன் மந்திரியானார். தமக்கென நிலையான பெரும்பான்மை இல்லாத மந்திரி சபை அது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் 98 பேரும் நியமிக்கப்பட்டோரும் கூடிய அம்மன்றத்தில் பெண் ஒருவரே இருந்தார்.

சாதாரண அங்கத்தினர் ஒருவரின் கையிலிருந்த கருவிகள் நான்கு. முதலாவது, வினா. அரசாங்கம் அதற்கு விடை தந்தே ஆகவேண்டும். விடை எழுதுதற்காகவேனும் ஓர் அதிகாரி பழைய கட்டுகளை அவிழ்ப்பார். அடுத்தது, வரவுசெலவுத் திட்டத்தின்போது ஒரு துறைக்கு ஒதுக்கிய தொகையில் நூறு ரூபாயைக் குறைக்கவேண்டும் என்னும் வெட்டுப் பிரேரணை. நூறு ரூபாயைக் குறைப்பது அதன் நோக்கமன்று; அத்துறையின் குறைகளை விரிவாகப் பேசுதற்கு அது ஒரு வாயில். பின்னது, தீர்மானம், இது நிறைவேறினும் அரசாங்கத்திற்குச் சிபாரிசே அன்றிக் கட்டளையாகாது. கடைசியாக உள்ளது மசோதா; இது சட்டமாதற்குச் சபையின் வாக்கோடு கவர்னர், கவர்னர் ஜெனரல் ஆகியோரின் சம்மதமும் வேண்டும். அம்மையாரின் சபை வாழ்வு, தீர்மானம் பயனற்றுப்போகும் இடத்தில் மசோதாவை எடுத்த வரலாறே ஆகும்.

முதற்கண் அவர் எடுத்துக்கொண்டவை பள்ளியும் மருத்துவமும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை நடத்தவேண்டும் என்று தீர்மானம் கொணர்ந்தார். கரும்பலகையிலுள்ள எழுத்துத் தெரியாத பிள்ளையை மந்தபுத்தி என்று அடிக்கும் ஆசிரியரும், இரத்தக் குறைவால் உறங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று வையும் பெற்றோரும் இருந்த காலம் அது. பிள்ளையின் கண்ணையும் பல்லையும் வயிற்றையும் பார்த்தபின்னரே அதன் புத்தியைப் பற்றித் தீர்ப்புக் கூறவேண்டும் என்பது மருத்துவருக்கே எளிதில் தோன்றும் கருத்து. பெண்டிர்க்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ விடுதி வேண்டும் என்றும், எட்டாம் வகுப்பில் ஏழைப் பெண்களுக்குச் சம்பளம் வாங்கலாகாது என்றும் வற்புறுத்தினார். எட்டாம் வகுப்புச் சம்பளம் சிறு தொகையே எனினும், மகனுக்குக் கட்டும் தொகையை மகளுக்குக் கட்டத் தயங்கும் வீட்டில் அச்சிறு தொகையே அவள் படிப்பின் முற்றுப்புள்ளி ஆயிற்று. கொங்கு நாட்டுக் கிராமங்களில் நம் பாட்டிமாரின் படிப்பு எந்த வகுப்போடு நின்றது என்று வினவினால் இதன் உண்மை விளங்கும்.

1928-இல் கல்வி நிலையை ஆராய சர் பிலிப் ஹார்டாக் தலைமையில் அமைந்த குழுவில் அம்மையாரும் ஓர் அங்கத்தினர். 1929-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை காட்டிய கணக்கு அச்சந்தருவது. 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த நூறு பிள்ளைகளில், 1925-26-இல் நான்காம் வகுப்பை எட்டியவர் 18 பேரே. எஞ்சிய 82 பேரும் எழுத்தறிவு நிலைக்குமுன்னரே பள்ளியை விட்டவரும், ஒரே வகுப்பில் தேங்கினவரும் ஆவர். பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூறி மகிழும் அரசாங்கத்திற்கு, பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கவேண்டும் என்பதை அவ்வறிக்கை கற்பித்தது.

இனி, அவர் பெயர் நிலைத்தற்குக் காரணமாகிய பொட்டுக்கட்டு ஒழிப்பிற்கு வருவோம். தமிழ் பயில்வோர்க்கு இதனைக் கூறுமிடத்து மாதவியும் மணிமேகலையும் நினைவிற்கு வருவர். மகளைக் குலத்தொழிலில் விடாது துறவறத்திற் செலுத்திய மாதவியின் உறுதியும், பேத்தியை மீண்டும் அரங்கேற்றத் துடித்த சித்திராபதியின் சூழ்ச்சியும் பழங்கதையாகவே நமக்குத் தோன்றும். ஆனால், 1927-ஆம் ஆண்டிலும் அறியாச் சிறுமியரைத் தெய்வத்திற்கு மணஞ்செய்வித்து, அவர்களுக்கு மனித மணத்தை மறுக்கும் வழக்கம் இம்மாகாணத்தில் நடந்துவந்தது. கோயில் ஊழியத்திற்கென மானியமாக விடப்பட்ட நிலம், அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண்ணைப் பொட்டுக்கட்டினாலே குடும்பத்திடம் நிற்கும். ஆகவே, தாயே மகளை அனுப்பவேண்டியவளானாள். வழக்கத்தின் வேர் பக்தியில் மட்டும் இல்லை, பட்டாவிலும் இருந்தது.

1927 நவம்பரில் அம்மையார் இவ்வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றுமாறு அரசாங்கத்தைக் கேட்கும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். அது ஒருமனதாக நிறைவேறிற்று. ஒருமனதாக நிறைவேறும் தீர்மானங்களைப் பற்றி நாம் எச்சரிக்கையாக இருத்தல் நன்று; எவரும் எதிர்க்காதது சில வேளைகளில் எவரும் செய்யப்போவதில்லை என்பதன் அறிகுறி. அரசாங்கம் விரைந்து சட்டம் கொணரவில்லை. அம்மையார் தாமே மசோதா வரைந்தார். பட்டாவில் உள்ள வேரை முதலில் அறுப்பது என்பது அவர் கண்ட வழி. 1926-ஆம் ஆண்டின் ஹிந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு புதுப்பிரிவைச் சேர்த்து, அம்மானிய நிலங்களை ஊழியம் என்னும் நிபந்தனையினின்று விடுவிக்க முனைந்தார். நிலம் கையை விட்டுப் போகாது, மகளைக் கோயிலுக்கு விடவேண்டிய கட்டாயமும் இல்லை. மசோதா 1929 பிப்ரவரியிற் சபையில் நிறைவேறி, அவ்வாண்டின் ஐந்தாம் சட்டமாயிற்று.

இவையெல்லாம் எதிர்ப்பின்றி நடந்தன அல்ல. காங்கிரஸ் தலைவருள் ஒருவராகிய சத்தியமூர்த்தி அவர்கள் தொன்றுதொட்டு வந்த கலையும் கோயில் மரபும் அழியும் என்று எதிர்த்தார். எதிர்த்தோருள் அம்மரபுப் பெண்களும் இருந்தனர் என்பதே நாம் நின்று சிந்திக்கவேண்டிய இடம். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய இசைவாணியர் சங்கமாகக் கூடி அரசாங்கத்திற்கு மனு அனுப்பினர். எங்கள் கலையும் வேறு, விபசாரமும் வேறு. சிலர் குற்றத்திற்கு மரபு முழுவதையும் இழிவுபடுத்தாதீர். எங்களுக்கு வேண்டுவது கல்வி என்பது அவர்கள் வாதத்தின் சாரம். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குத் தம் பொருளால் கோயில் எழுப்பிய அம்மாதின் சொல்லை எளிதிற் புறக்கணித்தல் தகாது. அம்மையார் வென்றார், வென்ற பக்கத்திலேயே நியாயம் அதிகம் என்பது என் துணிபு. சிறுமியின் சம்மதம் கேளாது அவள் வாழ்வை முடிவு செய்யும் உரிமை எந்தக் கலைக்கும் இல்லை. எனினும், அம்மரபிலேயே பிறந்து வளர்ந்த பெண்களின் குரல், அவர்களைப் பற்றிய சட்டத்தில் இன்னும் சற்று அதிகம் கேட்கப்பட்டிருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அம்மரபினுள் இருந்தே வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகச் சென்ற மூவலூர் இராமாமிர்தத்தம்மையாரையும் ஈண்டு நினைத்தல் வேண்டும்.

பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் மற்றொரு மசோதாவை அம்மையார் 1930-இல் கொணர்ந்தார். பொதுமக்களின் கருத்தை அறிய அது சுற்றுக்கு விடப்பட்டது. அது மீண்டு வருமுன், அவ்வாண்டு மே மாதம் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் சிறைப்பட்டார். அம்மையார் உடனே தம் பதவியைத் துறந்தார். தாம் பெற்றெடுத்த மசோதா நடுவழியில் நிற்பதை அறிந்தே துறந்தார். இதனைச் சரி என்பாரும், சபையில் இருந்தே முடித்திருக்கலாம் என்பாரும் உண்டு. அச்சட்டம் முழு வடிவில் நிறைவேற நாடு விடுதலை பெறவேண்டியிருந்தது. 1947-ஆம் ஆண்டு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதன் மந்திரியாயிருக்கையில், சென்னைச் சட்டசபை பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடுத்தது. முதல் தீர்மானத்திற்கும் முடிவான சட்டத்திற்கும் இடையே இருபது ஆண்டுகள் சென்றன. அவ்விருபது ஆண்டுகளிற் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியர் எத்துணையர் என்று எந்தச் சபைக் குறிப்பிலும் காணமுடியாது.

சட்டம் இயற்றுவோர் எல்லோரும், அச்சட்டம் விடுவித்த மனிதரைத் தம் வாயிலிற் சந்திக்க நேர்வதில்லை. அம்மையாருக்கு அது நேர்ந்தது. பொட்டுக்கட்டும் வாழ்விலிருந்து தப்பி வந்த இளம் பெண்களைச் சென்னையிலிருந்த மாணவியர் விடுதிகள் சாதியையும் பிறப்பையும் காட்டி ஏற்க மறுத்தன. அப்பெண்கள் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டதிலிருந்து வளர்ந்ததே 1930-இல் தோன்றிய ஔவை இல்லம். மணவாழ்வை மறுத்துத் தமிழால் வாழ்ந்த மூதாட்டியின் பெயரை அதற்கு இட்டமை மிகப் பொருத்தம். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றுப் பள்ளியும் ஆசிரியைப் பயிற்சியும் உடையதாக வளர்ந்தது. தம் சபை அநுபவங்களை அம்மையார் அதே 1930-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

சபையை விட்டபின்னும் அரசாங்கத்தின் கதவைத் தட்டுதலை அவர் விடவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை காண்பதே தம் அவா என்று வெளியிட்டார். தங்கையின் மரணத்திற்குப் பின் அவர் நெஞ்சில் இருந்த எண்ணம் அது. புற்றுநோய் வந்தவர் இறப்பது திண்ணமாகலின், அதற்கென மருத்துவமனை எதற்கு என்பதே அதிகார பீடங்களின் மனநிலை. ஆண்டுகள் பல கழிந்தும் பணம் கிடைக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் வீடுவீடாக நிதி திரட்டப்பட்டது. 1952 அக்டோபரில் பிரதம மந்திரி நேரு அவர்கள் அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம், பன்னிரண்டு படுக்கைகளோடு, பெரும்பாலும் குடிசைகளாகவே அம்மருத்துவமனை தொடங்கிற்று. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அவர்களும் அதனை வளர்த்த வரலாறு தனியே எழுதத்தக்கது.

1956-இல் இந்திய அரசாங்கம் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22-ஆம் தேதி, எண்பத்திரண்டு நிறைய எட்டு நாட்களே இருக்கையில், சென்னையில் அவர் காலமானார். சுப்பராயன் அவர்கள் அதற்கு ஆறு ஆண்டுகட்கு முன்னரே, மகாராஷ்டிர கவர்னராயிருக்கையில் மறைந்துவிட்டார். கேட்டவரும் கேட்கப்பட்டவரும் இன்றில்லை. ஆனால், அவிநாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலோ, தாராபுரத்துக் காட்டுப்புறத்திலோ கருவுற்ற ஏழைப் பெண் ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று மகப்பேற்று உதவித்தொகைக்குத் தன் பெயரைப் பதிவு செய்துகொள்கின்றாளே, அத்திட்டத்தின் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம். கையெழுத்திட அவளுக்கு எழுதுகோலை நீட்டும் கிராம சுகாதாரச் செவிலியும் பெரும்பாலும் அதே ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பைத் தாண்டி வந்த ஒரு பெண்ணே.